சாப்பிடாத மருந்து

ஆல்டரேஷன் அக்காவின் கணவர் முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டாமல் வண்டியிலேயே போய்ச் சம்பாதித்தவர். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஓட்டுகிறவர் மாணவர், பக்கத்து இருக்கையில் மாஸ்டர், மாஸ்டரின் காலடியில் இரண்டாவதாக ஒரு பிரேக். தன்னைத் தவிர மற்ற எல்லாரும் எதன்மீதாவது மோதத்தான் காலையில் குளித்துக் கிளம்புகிறார்கள் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. அதனால் வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதும் வலது காலைத் தரையில் ஒரு அழுத்து அழுத்திக்கொள்வார். எதற்கும் இருக்கட்டும் என்று.

அக்காவும் அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவள்தான். பதினேழாவது பாடத்திலும் பின்னால் எடு என்றால் முன்னால் எடுத்தாள். பதினெட்டாவது பாடத்தன்று மாஸ்டர் கல்யாணப் பேச்சை எடுத்தார். "இவளுக்கு லைசென்ஸ் வாங்கித் தர்றதவிட இவள நான் கட்டிக்கிறது ஊருக்கு நல்லது" என்று சிநேகிதர்களிடம் சொன்னாராம். லைசென்ஸ் இன்றுவரை வரவில்லை. ஊர் சௌக்கியமாக இருக்கிறது.

அக்காவின் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில். ஒரு தையல் மிஷின், ஒரு ஸ்டூல், நிமிர்ந்தால் தலை இடிக்கும். புதுத்துணி தைப்பதில்லை. வேறு யாரோ தைத்ததைச் சின்னதாக்குவாள், பெரிதாக்குவாள், கிழிந்ததற்கு ஒட்டுப் போடுவாள். அந்தத் தெருவில் யார் பெருக்கிறார்கள், யார் இளைக்கிறார்கள் என்பது கண்ணாடிக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். மாஸ்டரின் பேண்டை அவள் முதல் முறை இடுப்பில் பிடித்தபோது, "பரவாயில்லையே, தொப்பை குறையுதே" என்றாள். ஆறே மாதத்தில் மூன்றாம் முறை பிடிக்க வந்தபோது ஊசியை அப்படியே துணியில் குத்தி வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினாள். முதுகெலும்பில் கட்டி என்று பிறகு டாக்டர்கள் சொன்னார்கள். அவள் அதை இடுப்பிலேயே கண்டுபிடித்திருந்தாள்.

கட்டிக்கு மருந்து ஒரு பக்கம் நடந்தது. வலி தன் பாட்டுக்கு இன்னொரு பக்கம் நடந்தது. அதுவரை மாஸ்டர் தூக்கத்தில் விடும் குறட்டை தெருப் பிரசித்தம். ஏற்றத்தில் முதல் கியரில் லாரி ஏறுவதுபோல் இருக்கும். முப்பது வருஷமும் அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தாள். விலா எலும்பில் முழங்கையால் இடித்தாள். "எந்தப் பாவி இந்த லாரிய இங்க கொண்டாந்து நிறுத்தினான்" என்று திட்டினாள். வலி வந்த பிறகு மாஸ்டர், "படுத்தா தாங்கல, நான் உட்கார்ந்தே தூங்கிக்கறேன்" என்று ஹாலில் இருந்த சாய்வு நாற்காலிக்குக் குடிபோனார். பதினாலு மாதம் ஆயிற்று. ஹாலில் குறட்டை இல்லை, முனகல்கூட இல்லை. இரண்டு பேர் படுக்கும் கட்டிலில் ஒருத்தி படுத்தால் கட்டில் என்ன அகலம் என்பது அப்போதுதான் தெரிகிறது. அந்தப் பஞ்சை அவள் என்றைக்கோ தூக்கிப் போட்டுவிட்டாள். லாரி மட்டும் திரும்பி வரவில்லை.

நாலு மாதத்துக்கு முன் வலிக்கென்றே இருக்கும் ஒரு கிளினிக்கில் பிளாஸ்திரி மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். தோளுக்குப் பின்னால் ஒட்ட வேண்டும், மூன்று நாளைக்கு ஒருமுறை பழையதை எடுத்துவிட்டுப் புதியது போட வேண்டும். "இனிமே வலிக்குன்னு எதையும் சாப்பிட வேணாம், இதுவே போதும்" என்றார் அங்கிருந்த டாக்டர். மாத்திரை சாப்பிட்டு வயிறு புண்ணாகியிருந்த மாஸ்டருக்கு அது தேவவாக்கு. அக்கா அதற்கு ஒட்டு என்று பேர் வைத்தாள். வியர்வையில் ஓரம் தூக்கிக்கொண்டதால் அதன்மேல் தோல் நிற டேப்பை நாலு பக்கமும் வெட்டி அழகாக ஒட்டுவாள். தொழில் சுத்தம். கொஞ்சம் வலி குறைந்தது. நாற்காலி மட்டும் காலியாகவில்லை.

இப்படியிருக்க, புதன்கிழமை காலை புது ஒட்டுப் போட்டுவிட்டு அவள் கடைக்குப் போன பிறகு, மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் போய் மேஜை விளிம்பில் விழுந்தார். இடது பக்கம் இரண்டு விலா எலும்பு முறிவு. அக்கா கடையிலிருந்து ஓடிவந்து, கிடைத்த ஆட்டோவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கிளினிக் ஃபைல் வீட்டிலேயே கிடந்தது.

இங்கேதான் நம் பேச்சு வழக்கு ஒரு காரியம் செய்தது. நாம் எதைத்தான் சாப்பிடுவதில்லை? டீ சாப்பிடுகிறோம், தண்ணீரைக்கூடச் சிலர் சாப்பிடுகிறார்கள். மருந்தும் அப்படியே. அது உருண்டையோ, திரவமோ, பொடியோ, நமக்கு மருந்து என்றால் சாப்பிடுவது. அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டரம்மா பேனாவும் கையுமாகக் கேட்டாள்:

"வலிக்கு ஏதாச்சும் மருந்து சாப்பிடறாராம்மா?"

"இல்லம்மா. வலிக்குன்னு எதுவும் சாப்பிடறதில்ல."

"நிச்சயமா?"

"ஒண்ணுகூட சாப்பிடறதில்லம்மா. நாலு மாசமா சுத்தமா நிறுத்தியாச்சு" என்றாள் அக்கா, கொஞ்சம் பெருமையாகவே.

கேள்வியும் சரி, பதிலும் சரி. டாக்டரம்மா காகிதத்தில் 'இல்லை' என்று எழுதிக் கீழே ஒரு கோடும் போட்டாள். எலும்பு முறிந்தவர் வலியில் மூச்சை அடக்கினால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்பதால் மார்ஃபின் ஊசி போடச் சொன்னாள். அன்று சாயந்திரம் ஒன்று. மறுநாள் காலை ஒன்று. மத்தியானம் ஒரு மணிக்கு ஒன்று.

வியாழக்கிழமை மத்தியானம் வார்டில் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப்போன பிறகு மாஸ்டர், "முதுகு கடுக்குதுடி" என்றார். அக்கா கூடையிலிருந்து ரப்பர் வெந்நீர்ப் பையை எடுத்தாள். வார்டில் அதற்கு அனுமதியில்லை. சுவரிலேயே எழுதிப் போட்டிருந்தது. ஆனால் அந்தப் பைக்கு அவள் கையால் ஃபிளானலில் உறை தைத்திருந்ததால் பார்க்கத் தலையணைபோலத்தான் இருக்கும். கேன்டீனில் வெந்நீர் வாங்கி நிரப்பி வலது தோளுக்குப் பின்னால் இதமாகச் சொருகினாள். சொருகிய இடம் ஒட்டுக்கு நேர் மேலே. அங்கேதான் எப்போதும் கடுக்கும்.

கால் மணியில் மாஸ்டர் கண் மூடினார். அரை மணியில் லாரி ஏற்றத்தில் ஏற ஆரம்பித்தது.

அக்காவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனாள். அதேதான். அதே முதல் கியர். மல்லாந்து படுத்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, பதினாலு மாதத்தில் முதல் தடவை, படுத்தபடி தூங்குகிறார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. காதலர்கள் கடிதத்தைப் படிப்பார்கள், போட்டோவைப் பார்ப்பார்கள் என்கிறார்கள். அக்கா குறட்டையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்துப் படுக்கையில் காலில் மாவுக்கட்டோடு இருந்த பெரிய மீசைக்காரர் சும்மா இருப்பவர் இல்லை.

"என்னம்மா இது, ஆளா ரைஸ்மில்லா?"

"மெதுவாப் பேசுங்கண்ணே. முழிச்சுக்கப் போறாரு."

"இந்தச் சத்தத்துல அவரே முழிக்கல. என் பேச்சுக்கா முழிக்கப் போறாரு?"

"பதினாலு மாசமாச்சுண்ணே" என்றாள். மீசைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டார்.

இரண்டு மணிக்கு ஒரு நர்ஸ் சார்ட் அட்டையோடு வந்தாள். அக்கா உதட்டில் விரலை வைத்துக் கும்பிட்டாள். அந்தப் பெண்ணும் நல்ல மாதிரி. கால்மாட்டிலேயே நின்று ஏதோ எழுதிவிட்டுப் பூனைபோலப் போய்விட்டாள். மூச்சு என்ற கட்டத்தில் அவள் எழுதியது இருபது. அந்த வார்டில் முப்பத்திரண்டு படுக்கை. முப்பத்திரண்டு பேரும் நிமிடத்துக்கு இருபது மூச்சு விடுவது வழக்கம். இளைப்புக்காரர் இருபது, மாவுக்கட்டுக்காரர் இருபது. காலையில் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனவர்கூட மத்தியானச் சார்ட்டில் இருபது.

இந்த ஒற்றுமையைக் கெடுக்க அங்கே ஒரே ஒருத்தி இருந்தாள். மூத்த நர்ஸ். மூச்சை எண்ணுவதென்றால் சட்டைப் பையில் தொங்கும் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் நிற்பாள். அதனால் 'முழு நிமிஷம்' என்றே பேர். "கால் நிமிஷம் எண்ணி நாலால பெருக்கிடுங்க சிஸ்டர்" என்று மற்றவர்கள் கிண்டல் செய்தால், "பெருக்கினா தப்பும் நாலு மடங்காகும்" என்பாள். எண்ணும்போது பெரிய டாக்டரே வந்து பேசினாலும் பதில் கிடையாது. பதவி உயர்வும் அப்படியேதான் பதில் இல்லாமல் இருந்தது.

முழு நிமிஷம் இரண்டரைக்கு வந்தாள். மாஸ்டரின் படுக்கையைத் தாண்டிப் போனாள். நாலடி போனவள் நின்றாள். திரும்பி வந்தாள்.

"எப்போலேர்ந்து இப்படித் தூங்கறாரு?"

அக்கா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நடுவில் எழுந்து நின்றாள். "சிஸ்டர், கும்பிடறேன், எழுப்பாதீங்க. இப்பதான் தூங்கறாரு. பதினாலு மாசத்துல இப்பதான்."

"எழுப்பல. எண்ணத்தான் போறேன்."

கடிகாரத்தை ஒரு கையில் பிடித்து, மறு கையை மாஸ்டரின் வயிற்றில் லேசாக வைத்தாள். லாரி ஏறியது. நின்றது. அக்காவும் கூடவே கேட்டுக்கொண்டு நின்றாள். இதுவரை அவள் குறட்டையைத்தான் கேட்டிருந்தாள். அதற்கும் அடுத்த குறட்டைக்கும் நடுவில் இருந்ததைக் கேட்கவில்லை. இப்போது கேட்டது. நடுவில் ஒன்றுமே இல்லை. நீளமாக ஒன்றுமே இல்லை. மிஷின் ஓடிக்கொண்டேயிருக்க நூல் அறுந்து, துணியில் தையலே விழாமல் போகுமே, அப்படி.

நிமிடம் முடிந்தது. "ஆறு" என்றாள் முழு நிமிஷம். அதற்குப் பிறகு அவள் எண்ணுகிற பெண்ணாகத் தெரியவில்லை.

"மாஸ்டர்! கண்ணத் திறங்க! மாஸ்டர்!" என்று வார்டே திரும்பும்படி கத்தினாள். தோளை உலுக்கினாள். எலும்பு முறிந்த நெஞ்சைத் தொடாமல் கழுத்தோரத் தசையை அழுத்திக் கிள்ளினாள். மாஸ்டர் புருவத்தை மட்டும் சுளித்தார். இமையை விலக்கி டார்ச் அடித்தாள். கருமணி குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, குண்டூசியின் முனைபோல இருந்தது. விரலில் மாட்டிய மிஷின், தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் எண்பத்து மூன்று என்று காட்டியது. உதட்டில் நீலம் படர்ந்திருந்தது. அதை அக்கா பார்த்திருந்தாள்தான், வெயில் வராத வார்டு, வெளிச்சம் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரக் கூப்பிடு! நலாக்ஸோன் எடு! ஆக்ஸிஜன்!" ஒரே மூச்சில் மூன்று பேருக்கு மூன்று வேலை. தலைமாட்டுக்குப் போய் மாஸ்டரின் தாடையை இரண்டு கையாலும் முன்னால் தூக்கினாள். குறட்டை சட்டென்று நின்றது.

அக்கா அலறிவிட்டாள். "ஐயோ, நின்னுடுச்சே!"

"குறட்டதாம்மா நின்னுச்சு. நாக்கு பின்னாடி விழுந்து அடைச்சதாலதான் அந்தச் சத்தம். இப்ப காத்து போகுது." முகத்தில் மாஸ்க்கை வைத்து, ரப்பர் பையை அமுக்கி அமுக்கி, அவர் விட மறந்த மூச்சுகளை இவளே விட ஆரம்பித்தாள்.

அந்தச் சந்தடியில் அக்கா ஒரு காரியம் செய்தாள். தோளுக்கடியில் இருந்த வெந்நீர்ப் பையை உருவிக் கூடைக்குள் போட்டுத் துண்டால் மூடினாள். புருஷன் உயிர் ஊசலாடும்போதும் சட்டத்துக்குப் பயப்படுகிறவர்களால்தான் நாடு நடக்கிறது.

டாக்டரம்மா ஓடி வந்தாள். சர்க்கரையைப் பார்த்தாள், சரியாக இருந்தது. கருமணியைப் பார்த்தாள், சார்ட்டைப் பார்த்தாள், இருபதைப் பார்த்து முகம் சுளித்தாள். மார்ஃபின் அமுக்கிவிட்ட மூச்சை மீட்கும் நலாக்ஸோன் ஒரு குப்பியைப் பத்து மில்லியாகக் கரைத்து ஒரு மில்லி போட்டாள். காத்திருந்தாள். இன்னொரு மில்லி.

மீசைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "மொத்தமா போட்டு விடும்மா! என்ன, சொட்டு மருந்தா?"

"மொத்தமா போட்டா மூச்சும் வலியும் போட்டி போட்டுக்கிட்டு வரும், அண்ணே" என்றாள் முழு நிமிஷம் பையை அமுக்கிக்கொண்டே. "எலும்பு முறிஞ்ச மனுஷன் துள்ளி எழுந்து வாந்தி எடுப்பாரு. மூச்சு வந்தாப் போதும். முழிப்பு அப்புறம் வரட்டும்."

மூன்றாவது மில்லியில் மாஸ்டரின் நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு. நாலாவதில் கண்ணைத் திறந்தார். மேலே நாலைந்து முகம். தேடி மனைவியின் முகத்தைக் கண்டுபிடித்தார்.

"நல்லாத் தூங்கிட்டிருந்தேனே" என்றார். "ஏன்டி எழுப்பின?"

அக்கா அவர் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தாள். எழுப்பாதே என்று கும்பிட்டு நின்றவள் அவள்தான். அதைச் சொல்லவா, வேறு எதைச் சொல்ல?

எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள், சார்ட்டில் வராத மூச்சு அது. டாக்டரம்மா அடுத்த படுக்கைக்குப் போனாள். முழு நிமிஷம் மட்டும் போகவில்லை. ஸ்டூலை எடுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். மாஸ்டர் பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. இமை சரிந்தது. லாரி மறுபடி ஏற ஆரம்பித்தது.

இந்தத் தடவை அக்காவே கத்தினாள்: "சிஸ்டர்! லாரி! லாரி!"

முழு நிமிஷத்துக்கு லாரி புரியவில்லை, ஆனால் குரல் புரிந்தது. மறுபடி தாடை, மறுபடி மாஸ்க், மறுபடி ஒரு மில்லி. திரும்பி ஓடிவந்த டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்தாள். "மூணு சின்ன ஊசி. அதுக்கு இவ்வளவு மூழ்கக் கூடாதே. மாத்து மருந்து போட்டும் இப்படித் திரும்ப மூழ்கறாருன்னா வேற எங்கிருந்தோ இன்னும் உள்ள போயிட்டிருக்கு." அக்காவின் பக்கம் திரும்பினாள். "அம்மா, யோசிச்சு சொல்லுங்க. நீங்களா ஏதாச்சும் கொடுத்தீங்களா? தெரியாம ஏதாச்சும் சாப்பிட்டாரா?"

"சத்தியமா எதுவும் சாப்பிடலம்மா! காலைல ரெண்டு பிஸ்கட்டுதான்!"

கேள்வி மறுபடி அதே கதவைத்தான் தட்டியது. மருந்து இருந்ததோ பின்வாசலில்.

முழு நிமிஷம் அக்காவைப் பார்க்கவில்லை. "திருப்புங்க" என்றாள். டாக்டரம்மாவும் அவளுமாக மாஸ்டரை முறியாத பக்கமாக மெல்லத் திருப்பிச் சட்டையைத் தூக்கினார்கள். வலது தோளுக்குப் பின்னால் நாலு பக்கமும் நூல் பிடித்த மாதிரி வெட்டிய டேப். சுற்றிலும் தோல் சிவந்து, சூடாக இருந்தது.

"இது என்ன?" என்றாள் டாக்டரம்மா.

"அது ஒட்டுங்க."

"என்ன ஒட்டு?"

"வலிக்குப் போடற ஒட்டு. அது மருந்தில்லம்மா, பிளாஸ்திரி. மூணு நாளைக்கு ஒருக்கா…" அக்கா சொல்லிக்கொண்டே போனவள், டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

டாக்டரம்மா டேப்பை உரித்தாள். அடியில் இருந்த ஒட்டின் மேல் எழுதியிருந்ததைப் படித்தாள். "மார்ஃபினுக்கு அண்ணன்" என்றாள் மெதுவாக. "நாம தம்பிய ஊசியில போட்டுட்டிருந்திருக்கோம்." பிறகு அக்காவைப் பார்த்து, திட்டுவதற்கு எடுத்த மூச்சைத் திட்டாமலே விட்டாள். "நான் சாப்பிடறாரான்னுதானே கேட்டேன்" என்றாள்.

"இங்க ஏன் இவ்வளவு சூடு?" என்றாள் முழு நிமிஷம், தோலைத் தொட்டுக்கொண்டு.

அக்கா குனிந்து கூடையிலிருந்து துண்டை விலக்கி, ஃபிளானல் உறை போட்ட பையை இரண்டு கையிலும் ஏந்தி, திருடிய பொருளை ஸ்டேஷனில் ஒப்படைக்கிறவள்போல நீட்டினாள்.

"கடுக்குதுன்னாரு…"

"சூடு பட்டா ஒட்டுல இருக்கறது வேக வேகமா உடம்புக்குள்ள போகும்மா." முழு நிமிஷத்தின் குரலில் கோபம் இல்லை. ஒட்டைப் பசைப்பக்கம் உள்ளே வரும்படி மடித்தாள், தோலைக் குளிர்ந்த தண்ணீர்த் துணியால் துடைத்தாள். "எடுத்தாச்சு. ஆனா ஏற்கெனவே தோலுக்குக் கீழ போனது இன்னிக்குப் பூரா உள்ள வந்துட்டேதான் இருக்கும். அதனால மாத்து மருந்த டிரிப்ல சொட்டு சொட்டா ஓடவிடறோம். நீங்க ஒரு வேல செய்யணும்."

"சொல்லுங்க சிஸ்டர்."

"தூங்க விடாதீங்க. கால் மணிக்கு ஒரு தடவ நான் வந்து எண்ணுவேன். நடுவுல நீங்க பேசிட்டே இருங்க. கேட்டா பதில் சொல்லணும். சொல்லலேன்னா என்னக் கூப்பிடுங்க."

"என்ன பேசறது?"

"கல்யாணமாகி எத்தன வருஷம்?"

"முப்பத்திரண்டு."

"அப்ப பேசறதுக்கு நிறைய பாக்கி இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இருந்ததெல்லாம் வாஸ்தவம். எடுத்தால்தான் வரவில்லை. முதல் கால் மணிக்கு அக்கா தண்ணீர் பில்லைப் பற்றிப் பேசினாள். அடுத்த கால் மணிக்கு எதிர்வீட்டுப் பெண் பேண்டை மூன்று விரற்கடை இறக்கித் தரச் சொன்னதைப் பற்றி. மாஸ்டருக்கு மருந்து விலக விலக வலி வந்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ம், ம் என்றார்.

"அந்த ஊசிய இன்னொரு தடவ போடச் சொல்லுடி."

"இன்னிக்கு முடியாதாம்."

"நீ சொன்னாப் போடுவாங்க. போய்ச் சொல்லு."

பதினாலு மாதமாக அவள் வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த மனுஷன் படுத்துத் தூங்க வேண்டும். இப்போது அவரே கேட்கிறார், இல்லை என்று சொல்லும் வேலை அவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

"வேணாங்க" என்றாள். "மாட்டேன்."

"உனக்கென்ன, வலிக்கறது எனக்கு."

"கத்துங்க."

"என்னது?"

"வலிச்சா கத்துங்கன்றேன். எதுக்குப் பல்லக் கடிக்கறீங்க? ஆஸ்பத்திரிதானே. அவங்கவங்க கத்தத்தான் வந்திருக்காங்க."

மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவள் முழு நிமிஷத்தைக் கூப்பிட வாயெடுத்தபோது சொன்னார்:

"பழக்கமில்ல. நீ முழிச்சுப்பன்னு அடக்கி அடக்கியே…"

"நான் எங்க முழிச்சுப்பேன்? நீங்கதான் படுத்தா வலின்னு நாற்காலிக்குப் போயிட்டீங்களே."

"படுத்தாலும் வலிதான். உட்கார்ந்தாலும் வலிதான்." இடது கையால் விலாவைப் பிடித்துக்கொண்டார். "பக்கத்துல நீ படுத்திருந்தா புரளக்கூடாது, முனகக்கூடாது. பகல் பூரா ஊசில நூல் கோக்கறவ. நீயாவது தூங்கட்டும்னு போனேன்."

"நான் தூங்கினேன்னு யாரு சொன்னா?"

"கதவ சாத்திட்டுத் தூங்குவியே."

"சாத்தினா தூங்கறேன்னு அர்த்தமா? சாத்தலேன்னா, லைட்ட ஏன் அணைக்கலன்னு நீங்க கேப்பீங்க. அதான் சாத்தினேன்." அவளுக்குக் குரல் ஏறியது. "நாற்காலிய நீங்க எத்தன தடவ சாய்ச்சீங்க, எத்தன தடவ நிமிர்த்தினீங்க, எல்லாம் எனக்குத் தெரியும். ரெண்டு தடவ பாத்ரூம். ஒரு தடவ தண்ணி. அப்புறம் அஞ்சு மணிக்குப் பால்காரர்."

மாஸ்டர் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். "முழிச்சுக்கிட்டா இருந்த? எல்லா நாளுமா?"

"பின்ன?"

ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் சத்தம் போகக்கூடாதென்று பல்லைக் கடித்திருக்கிறார். இந்தப் பக்கம் ஒருத்தி சத்தம் வருமா என்று காதைத் தீட்டியிருக்கிறாள். இருவரும் ஒருவர் தூக்கத்தை ஒருவர் கெடுக்காமல் பதினாலு மாதம் தூங்காமல் இருந்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் குடும்பம்.

"பைத்தியக்காரி" என்றார் மாஸ்டர்.

"நீங்க மட்டும்?"

பிறகு அவர் கத்தினார். முதலில் சின்னதாக, "அம்மா" என்று. யாரும் தடுக்கவில்லை என்று தெரிந்ததும் பெரியதாக, நீளமாக. மீசைக்காரர் எழுந்து உட்கார்ந்து, "யோவ், குறட்டையே தேவலாமய்யா!" என்றார். முழு நிமிஷம் வந்து, பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டாள். இத்தனை நாளும் யார் கேட்டாலும் 'பரவாயில்ல' என்றே சொல்லி வந்த மாஸ்டர், "எட்டு" என்றார். அவள் டாக்டரம்மாவிடம் போய்ப் பேசி, மயக்கம் தராத வேறொரு ஊசியைக் கொண்டுவந்து போட்டாள். நாளைக்கு எல்லாம் தெளிந்த பிறகு ஒட்டைக் குறைந்த அளவில், பார்த்துப் பார்த்து ஆரம்பிக்கலாம் என்றும் சொன்னாள். வலி எட்டிலிருந்து ஆறுக்கு இறங்கியது. அவ்வளவுதான் இறங்கியது.

சாயந்திரம் ஜன்னலில் வெளிச்சம் மங்கியபோது மாஸ்டர் கேட்டார்: "வீட்டுக்குப் போனா நான் உள்ளயே படுத்துக்கட்டுமா?"

அக்கா போர்வையின் ஓரத்தை நிதானமாக மடித்தாள். அந்தக் கேள்வியை அவர் இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல இருந்தது.

"கத்துவேன்" என்றார் அவர்.

"கத்துங்க."

"புரளுவேன்."

"புரளுங்க. கட்டில் பெருசாத்தான இருக்கு."

"அப்ப சுவத்துப் பக்கம் எனக்கு."

"அதெப்படி? அது எப்பவும் என் பக்கம்."

"சாஞ்சுக்க எனக்குச் சுவர் வேணும்."

"சாஞ்சுக்க நான் இருக்கேன்ல. சுவத்துப் பக்கம் ஃபேன் காத்து வரும், அது எனக்குத்தான்."

"நோயாளிக்கு ஒரு மரியாத கிடையாதா?"

"எனக்கும்தான் பதினாலு மாசம் தூக்கமில்ல. நானும் நோயாளிதான்."

இப்படியே கால் மணி போனது. முழு நிமிஷம் வந்து எண்ணிப் பதினாலு என்று எழுதிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள். மாஸ்டரின் கண் மெல்லச் சொருகியது. இது மருந்துத் தூக்கமா, அலுப்பா, அக்காவுக்குத் தெரியவில்லை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கிறது. கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், அப்படியே விட்டுவிடலாமா என்று மனது கெஞ்சியது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மூன்றாவதுக்கு அவள் காத்திருக்கவில்லை. குனிந்து அவர் காதோரம் சொன்னாள்:

"ஏங்க. சரி, சுவத்துப் பக்கம் உங்களுக்கே."

மாஸ்டர் பட்டென்று கண்ணைத் திறந்தார். "என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல."

"இல்ல, மறுபடி சொல்லு. சிஸ்டர், நீங்க கேட்டீங்கதானே? யோவ் மீசை, நீ கேட்டியா?"